பாட்டுக்கு நடுவே வரும் பேச்சையும் வெட்டாதீர்கள்

நாட்டுப்புறப் பாடகி ஒருவரின் பழைய கேசட்டுகளைக் காப்பாற்றும் முயற்சியையும், அவர் பாடிய கதைகளிலிருந்து சிறுவர் மாயாஜால நாவல் ஒன்று உருவாவதையும் படித்து மனசு நிறைந்துவிட்டது. ஒரு வேண்டுகோள். எம்பி3 ஆக மட்டும் மாற்றி வைக்காதீர்கள். கோப்பின் அளவைக் குறைக்க அது ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துவிடும். மூலப்பிரதி 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், ஒலியில் எதையும் கழிக்காத வேவ் (WAV) கோப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் டேப் ஹெட்டின் (பிளேயரில் நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகம்) கோணத்தைச் சரிபார்ப்பதும் முக்கியம், இல்லாவிட்டால் குரலின் கூர்மை மங்கிவிடும்.

அப்புறம், பாட்டுக்கு நடுவே வரும் இருமல், "இந்த அடியை வேற மாதிரியும் பாடுவாங்க" என்பது போன்ற பேச்சு, எதையும் வெட்ட வேண்டாம். நாவலாசிரியருக்குப் பேசும் கிளியும் ஏழு கடல் தாண்டிய பூதமும் அங்கேதான் கிடைக்கும். புத்தகத்தில் ஒரு கியூஆர் கோடு அச்சிட்டால் குழந்தைகள் அசல் குரலையும் கேட்பார்கள்.