அந்த நீல வட்டத்தை மாற்ற வேண்டாம்
ஸ்டேட் வங்கியின் சின்னம் பழசாகிவிட்டது, மாற்றலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஒப்பவில்லை. 1971-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சேகர் காமத் வரைந்தது. நீல வட்டம், நடுவில் சின்ன ஓட்டை, அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். பாஸ்புக் அட்டையில் மங்கலாக அச்சானாலும், ரப்பர் ஸ்டாம்பில் மை கொஞ்சம் பரவினாலும், ஓடும் பஸ்ஸிலிருந்து ஏடிஎம் பலகையைப் பார்த்தாலும் சட்டென்று அடையாளம் தெரிகிறது, ஒரு சின்னத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? படிக்கத் தெரியாத என் பாட்டி அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் பென்ஷன் வாங்கப் போவார். சரி, குறையும் உண்டு. சாவித் துவாரம் என்று யாராவது சொன்னால்தான் புரிகிறது, வங்கி என்பதும் தெரியாது, பக்கத்தில் பெயர் தேவைப்படுகிறது. ஆனாலும் 2017-ல் துணை வங்கிகளை இணைத்தபோதுகூட வட்டத்தைக் கைவிடாதது நல்ல முடிவு.