கடைமடைக்கும் தண்ணி போகணும்ல

எங்க மாமா ஊரு தலைஞாயிறு பக்கம், சுத்தமான கடைமடை, ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். நான் இருக்கறது அம்மாபேட்டை பக்கம். வருஷா வருஷம் மேட்டூர் தொறந்து நாலஞ்சு நாள்ல மாமா போன் பண்ணிருவாரு, “மாப்ள, உங்க வாய்க்கால்ல வந்துருச்சா?” வந்துருச்சு மாமான்னா “ம்ம்”னு ஒரு சத்தம், அவ்ளோதான், போன வச்சிருவாரு. அந்த ம்ம்முக்கு என்ன அர்த்தம்னு டெல்டாக்காரனுக்கு சொல்ல வேணாம். மேல இருக்கறவன்லாம் மடைய அடைக்காம விட்டா அவருக்கு வர்றது இன்னும் பத்து நாள் தள்ளும், சில வருஷம் வராமலே போயிரும். சண்டை போடலாம்னா யாருகிட்ட போடுறது, மேல ஆயிரம் மடை இருக்கு, ஒவ்வொருத்தனும் என் ஒரு மடையில என்ன கொறைஞ்சிரப் போவுதுன்னுதான் வுட்டுட்டு தூங்கப் போறான். நானும்தான்.

இப்ப எதுக்கு இதுன்னா, பூமி சூடாவுது, வெயில் ஏறுதுன்னு யாராச்சும் பேசுனா உடனே நம்மாளுங்க ஒன்னு சொல்லுவோம்ல, அமெரிக்காக்காரன் கார்லயும் ஏசிலயும் பொகைய விடுவான், நான் ஒருத்தன் திருந்தி என்னாவப் போவுதுன்னு. அதுல நியாயம் இல்லாம இல்ல. அங்க ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு சுமார் 14 டன் கார்பன் டை ஆக்சைடு, இங்க சுமார் 2 டன். கணக்குல அவன்தான் குத்தவாளி, அவன்கிட்டதான் மொதல்ல கேக்கணும். ஆனா எங்க தெருவுலயே ஏழு மா நெலம் (மூணு மா சேந்தா ஒரு ஏக்கர்) வச்சிருக்கறவன் எழுபது மா வச்சிருக்கறவன காட்டித்தான் மடைய அடைக்காம இருக்கான், மாமா வயலு காயுறப்ப அந்த கணக்கு அவருக்கு ஒரு சொட்டு தண்ணி குடுக்கல.

எம் பொண்ணு 2019ல பொறந்தா, கஜா அடிச்ச மறு வருஷம். 2080ல அவளுக்கு 61 வயசு. எதிர்கால தலைமுறைன்னு மேடையில பேசுறப்ப எனக்கு ஒன்னும் தோணுனதில்ல, இந்த கணக்க போட்டு பாத்தன்னைக்குத்தான் சுருக்குன்னுச்சு. அவளும் ஒரு கடைமடைதான். மாமாவாச்சும் போன் போட்டு ம்ம்னு சொல்லுவாரு, 2080லேந்து யாரு நமக்கு போன் போடப் போறா?

சரி இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம், திட்டுறவங்க திட்டலாம். பூமிக்கு அடியிலேந்து மீத்தேன் வாயு எடுக்கற திட்டம் வேணாம்னு ஊரே ரோட்டுக்கு வந்தோம், நானும் கொடி புடிச்சேன், 2020ல டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டமும் வந்துச்சு, அதுல எனக்கு இன்னிக்கும் பெருமைதான். ஆனா அதே மீத்தேன் நம்ம வயல்லேந்தே நாள் முழுக்க மேல போயிட்டு இருக்கு. வயல்ல தண்ணி நின்னுக்கிட்டே இருந்தா சேத்துக்குள்ள காத்து போவாது, காத்து இல்லாத எடத்துல வேலை செய்யுற கிருமி, மக்குற வைக்கோல் வேரையெல்லாம் தின்னு மீத்தேனா விடுது, நெல்லுப் பயிரோட தண்டு வழியாவே பைப்பு போட்ட மாதிரி வெளிய வருது. கார்பன் டை ஆக்சைடு நூத்துக்கணக்கான வருஷம் நிக்கும், மீத்தேன் சுமார் 12 வருஷத்துல கரைஞ்சிரும், ஆனா இருக்கற வரைக்கும் அடிக்கற அடி பெருசு, 20 வருஷ கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைட விட 80 மடங்கு சூடாக்கும்ங்கறாங்க. நமக்கு நல்ல சேதி என்னன்னா இன்னிக்கு கொறைச்சா எம் பொண்ணு காலேஜ் முடிக்கறதுக்குள்ளயே பலன் தெரிய ஆரம்பிச்சிரும்.

கொறைக்கறதுக்கு புது வித்தையும் வேணாம். காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டுன்னு எத்தன வருஷமா சொல்றாங்க. நட்டு ரெண்டு மூணு வாரம் தண்ணி நிக்கட்டும், அப்புறம் காய விட்டு கட்டு, பூக்கற நேரத்துல மட்டும் காய விடாத, அவ்ளோதான். வயல்ல ஓட்டை போட்ட பைப்பு ஒன்ன பொதைச்சுக்கிட்டா போதும், உள்ள தண்ணி மண்ணுக்கு கீழ 15 சென்டிமீட்டருக்கு எறங்கனப்புறம் அடுத்த தண்ணி. இதுக்கு ஆத்து மொறைய நம்பிட்டு இருக்க முடியாது, போர் இருந்தாத்தான் சரியா வரும், அதையும் ஒத்துக்கறேன். கடைமடையில போர் போட்டா உப்புத் தண்ணி, மாமாவுக்கு இத சொன்னா செருப்பு வரும். போர் வச்சிருக்கற என்ன மாதிரி ஆளுங்கதான் செய்யணும்.

போன சம்பாவுல ரெண்டு மாவுல மட்டும் செஞ்சு பாத்தேன். பயிர விட மனசுதான் காஞ்சுது. தண்ணி தளும்ப நிக்கற வயலு நம்ம ஊர்ல ஒரு கௌரவம், வயலு லேசா வெடிச்ச அன்னிக்கு பக்கத்து வயக்கார சித்தப்பா வரப்புல நின்னு “என்னடா மோட்டாரு காயிலு போயிருச்சா”ங்கறாரு. வேணும்னுதான் சித்தப்பான்னேன், ஒரு மாதிரி பாத்துட்டு போயிட்டாரு. களை கூடத்தான் வந்துச்சு, ஒரு ஆள் கூலி அதிகம். நெல்லு கொறையல.

இதுல என் பெரிய எதிரி ஆட்டோ ஸ்டார்டர். த்ரீ ஃபேஸ் எப்ப வருதோ அப்ப மோட்டார் தானா ஓடும், ஓசி கரண்ட்டுதானேன்னு விடிய விடிய ஓடி, வரப்பு வழிஞ்சு வடிகால்ல போயிட்டு இருக்கும், காலைல போயி பாத்துட்டு ஆஃப் பண்ணிட்டு வருவேன். பல வருஷமா இதான் நடந்துச்சு. எங்கப்பா போட்ட போர் 60 அடி, நான் போட்டது 180.

அந்த ஸ்டார்டர கழட்டி வீட்டுல போட்டுட்டேன். இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்தா எந்திரிச்சு டார்ச் எடுத்துக்கிட்டு போகணும். போன வாரம் ரெண்டு நாள் எந்திரிக்கல, தூங்கிட்டேன். பயிரு ஒன்னும் சாகல.