71-ஆவது நிமிடமும் என் இடது செருப்பும்

ஜெயித்தோம். காதில் விழாதவர்களுக்காக இன்னொரு தடவை, ஜெயித்தோம். ஃபுட்பாலில் நம் டீம், 2-0. ஏழு மேட்ச் கழித்து. கடைசி விசில் ஊதியதும் நான் துள்ளி எழுந்த வேகத்தில் முட்டி மேஜையில் இடித்தது. அப்போது வலிக்கவே இல்லை. இப்போது வலிக்கிறது. ஏனென்றால் அந்தச் சந்தோஷம் எனக்கு மொத்தமே நாற்பது விநாடிதான் கிடைத்தது. நாற்பத்தோராவது விநாடியில் பக்கத்தில் இருந்தவன் ஒரு பெருமூச்சு விட்டான்.

"ஜெயிச்சதெல்லாம் சரிடா. ஆனா..."

அந்த "ஆனா" உங்களுக்கும் தெரிந்ததுதான். தோற்றால் "நான் அப்பவே சொன்னேன்". டிரா ஆனால் "தோத்திருக்க வேண்டியது". ஜெயித்தால் "ஆனா". இவனுக்கு எந்த ரிசல்ட்தான் ஒத்துக்கொள்ளும் என்று பல வருஷமாக யோசிக்கிறேன். மேட்ச் ரத்தானால் ஒருவேளை நிம்மதியாகத் தூங்குவான்.

விஷயம் என்னவென்றால், அந்த 71-ஆவது நிமிடம். ஸ்கோர் அப்போதே 2-0. நம் மிட்ஃபீல்டர் முன்னால் வழி இல்லை என்று திரும்பி, கோல்கீப்பருக்கு ஒரு பேக் பாஸ் கொடுத்தான். கொஞ்சம் மெதுவாகப் போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். எதிரணி ஸ்ட்ரைக்கர் ஓடி வந்தான். கீப்பர் ரெண்டு அடி முன்னால் வந்து பந்தை வெளியே அடித்தார். த்ரோ-இன். அவர்கள் எறிந்த பந்து நேராக நம் ஆள் காலுக்கே வந்தது. அவ்வளவுதான் கதை. நடந்தது நாலு விநாடி. அதை எனக்கு விளக்க அவன் எடுத்துக்கொண்டது ஒரு மணி பத்து நிமிடம். அதாவது ஒரு முழுப் பாதி, ஒரு இடைவேளை, அப்புறம் இன்னொரு பத்து நிமிடம்.

முதலில் ரீவைண்ட். பதினான்கு தடவை. நான் எண்ணினேன், வேறு என்ன செய்வது? பதினான்கு தடவையும் கீப்பர் வெளியேதான் அடித்தார். ஒவ்வொரு தடவையும் "இப்ப பாரு, இப்ப பாரு" என்று என் தொடையைத் தட்டினான். பதினைந்தாவது தடவை கோல் விழுந்துவிடும் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது.

டிவி போதவில்லை. மேஜையைத் துடைத்து மைதானமாக்கினான். சாவிக்கொத்து மிட்ஃபீல்டர். என் கண்ணாடிக் கூடு கோல்கீப்பர். ரிமோட்டின் பின்பக்க மூடியைக் கழற்றி எதிரணி ஸ்ட்ரைக்கர் ஆக்கினான். அப்புறம் குனிந்து என் காலிலிருந்த செருப்பை உருவி மேஜை மேல் வைத்தான்.

"இது ஏன்டா?"

"லெஃப்ட் பேக்."

"அதுக்கு என் செருப்பா?"

"இடது செருப்புதானே?"

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? செருப்பை ரெண்டு விரலால் தள்ளிக்கொண்டே, "இவன் இங்க நிக்கணும். ஏன் அங்க நிக்கிறான்? சொல்லு, ஏன் நிக்கிறான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறான். நான் செருப்பைப் பார்த்தேன். எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

இதில் பேக் பாஸ் சட்டத்துக்குத் தனி வகுப்பு வேறு. சக வீரன் வேண்டுமென்றே காலால் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்று 1992-இல் சட்டம் போட்டார்கள். அதற்கு முன்னால் பின்னால் கொடு, கையில் பிடி, மறுபடி உருட்டு என்று நேரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். 1990 உலகக் கோப்பை அப்படியே இழுத்ததால்தான் இந்த மாற்றம். ஆட்டத்துக்கு நல்லது செய்த சட்டம், மறுக்கவில்லை. ஆனால் நேற்று ராத்திரி மட்டும் பழைய சட்டம் இருந்திருந்தால் கீப்பர் குனிந்து பந்தை எடுத்திருப்பார், நானும் பதினொரு மணிக்குப் படுத்திருப்பேன்.

எதிர் சோபாவில் இன்னொருத்தன், ஃபோனும் கையுமாக. அவனுக்குப் பந்தைவிட எண்தான் முக்கியம். "எக்ஸ்ஜி பாத்தியா? நமக்கு 0.9, அவங்களுக்கு 1.1. நியாயமா நாம தோத்திருக்கணும்." எதிர்பார்த்த கோலாம், அதாவது அடித்த ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று கூட்டிச் சொல்லும் எண். பெனால்டிக்கே முழுசாக 1 கொடுக்காத கணக்கு அது, 0.8-க்குக் கொஞ்சம் கீழேதான் போடுவார்கள். வலைக்குள் போன பந்து ரெண்டு. அதைப் பார்த்த கண்ணும் ரெண்டு. (போன மாதம் 1-0 என்று தோற்றபோது இதே எக்ஸ்ஜியை ஊருக்கெல்லாம் காட்டி "நாமதான் நல்லா ஆடினோம்" என்று நான் வாதாடியது உண்மை. அது வேறு விஷயம்.)

வெற்றிக்கு 3 புள்ளி. இங்கிலாந்தில் 1981 வரை 2 புள்ளிதான் கொடுத்தார்கள், உலகக் கோப்பையில் 1994-இல்தான் 3 ஆக்கினார்கள். இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் "ஜெயித்தார்கள், ஆனால் 71-ஆவது நிமிடத்தில் ஒரு பேக் பாஸ் சரியில்லை, ஆகவே 2.5" என்று எவனும் சட்டம் எழுதவில்லை. என் நண்பனை அந்தக் கமிட்டியில் போட்டால் எழுதிவிடுவான்.

நானும் சும்மா இருக்கவில்லை. "2010 உலகக் கோப்பையில் ஸ்பெயின் முதல் மேட்சிலேயே சுவிட்சர்லாந்திடம் 1-0 என்று தோற்றது. அப்புறம் நாக்அவுட்டில் நாலு மேட்சும் 1-0, கோப்பை. 2004 யூரோவில், அதான் ஐரோப்பியக் கோப்பையில், கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றும் 1-0. கோப்பையைத் தூக்கியவனிடம் யாராவது பேக் பாஸ் பற்றிக் கேட்டார்களா?" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். நல்ல அடி என்றுதான் நினைத்தேன். அவன் செருப்பை நேராக்கியபடி, தலை நிமிராமல் சொன்னான்: "1954 உலகக் கோப்பை. ஹங்கேரி லீக்ல மேற்கு ஜெர்மனியை 8-3 அடிச்சாங்க. ஃபைனல்ல அதே டீம்கிட்ட 3-2 தோத்தாங்க. ஜெயிச்சதை வெச்சு ஆடாதடா."

பதில் வரவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

இதற்கு நடுவில் மூன்றாவது ஆள் ஃபோனில் வந்தான். அவன் வேறு ரகம். "இனி மீதி எல்லா மேட்சும் ஜெயிச்சா..." என்று ஆரம்பித்தான். ஒரு வெற்றிக்கே சாம்பியன் பட்டம். யாருமே எதிர்பார்க்காத லெஸ்டர் டீம் 2015-16-இல் ஒரு தடவை இங்கிலாந்து லீக் கோப்பையைத் தூக்கினாலும் தூக்கியது, பட்டியலின் அடியில் கிடக்கும் ஒவ்வொரு டீமின் ரசிகனும் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறான். வைத்துவிட்டேன் ஃபோனை.

நேற்று நான் பேச நினைத்தது ஒன்றே ஒன்றுதான். ஏழு மேட்சாக ஒரு கோல் போட்டதும் பயந்து பின்னால் போய் நின்ற அதே பசங்க, நேற்று முதல் கோலுக்கு அப்புறமும் முன்னால் போய் பந்து வைத்திருப்பவனை நெருக்கி பிரஸ் பண்ணினார்கள். நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக் ரெண்டு பேரும் கையை நீட்டிப் பேசிக்கொண்டார்கள். ரெண்டாவது கோல் கார்னரில் வந்தது. முன் போஸ்ட்டுக்கு ஒருத்தன் ஓடி ஆளை இழுக்க, பின்னால் காலியாக நின்றவன் தலையால் முட்டினான். பயிற்சியில் நூறு தடவை செய்து பார்க்காமல் அப்படி வராது. எத்தனை நாள் கழித்து இப்படி ஒன்றைப் பார்த்தோம்! அதைப் பற்றி ஒரு வார்த்தை? அந்தக் கார்னரை ஒரே ஒரு ரீவைண்ட்? கிடையாது. ரிமோட் 71-ஐ விட்டு நகரவில்லை.

ஒரு மணிக்குக் கிளம்பினான். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, "எப்படியோ, செமையா ஆடினாங்கல்ல?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை.

காலையில் ரிமோட்டைத் தேடி எடுத்தால் பின்பக்க மூடி இல்லை. ஃபோன் போட்டேன். "எதிரணி ஸ்ட்ரைக்கரா? அவனை ஆஃப்சைடுனு வெளியே தள்ளினேனே" என்கிறான். எந்த வெளியே? சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்து, வயிறு தரையில் பட ஊர்ந்து பார்த்தாகிவிட்டது. இப்போது ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டினால் ஒரு பேட்டரி வெளியே வருகிறது, குறைத்தால் இன்னொன்று. இந்த மூடியை ஒரு சின்னத் திருகாணி போட்டு மாட்டிக் கொடுத்தால் எந்தக் கம்பெனி குடிமுழுகிப் போகும் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.