பாட்டுக்கென்று தனியாக ஒரு கருவி

2022 மே மாதம் ஆப்பிள் தன் மியூசிக் பிளேயர் வரிசையில் கடைசியாக மிஞ்சிய ஐபாட் டச்சை நிறுத்தியபோது ஆளாளுக்கு இரங்கல் எழுதினார்கள். போனது ஐபாட்தான், மியூசிக் பிளேயர் இல்லை. சோனி இன்றும் வாக்மேன் என்ற பெயரில் விற்கிறது. ஃபியோ, ஷான்லிங், ஹைபி என்று சீனக் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். சட்டைப்பையில் இருப்பதே தெரியாத சைஸ். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "போன்லயே எல்லாப் பாட்டும் இருக்கே, இது எதுக்கு?"

நியாயமான கேள்வி. இதற்கு விற்பவர்கள் சொல்லும் பதில் "சவுண்ட் குவாலிட்டி". எனக்கு அதில்தான் நம்பிக்கை இல்லை.

சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறார்கள். 22,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைச் சேதாரம் இல்லாமல் திருப்பித் தர அது போதும். நல்ல காதுக்கே 20,000 ஹெர்ட்ஸோடு எல்லை முடிந்துவிடுகிறது. வயது ஏற ஏற அதுவும் இறங்கும். அப்படியிருக்க நொடிக்கு 1,92,000 முறை அளந்த '192 கிலோஹெர்ட்ஸ்' ஃபைல் யாருக்கு, வௌவாலுக்கா? இன்னொரு கூத்து, பெரிய விலை கொடுத்து பிளேயர் வாங்கிவிட்டு புளூடூத் இயர்பட்ஸ் மாட்டிக்கொள்வது. புளூடூத்தில் போகும்போது பாட்டு மறுபடி சுருக்கப்படுகிறது. அதை ஒலியாக மாற்றும் சிப்பும் இயர்பட்ஸுக்குள்தான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பிளேயரின் சிப் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பணத்தில் பாதிக்கு நல்ல வயர் இயர்போன் வாங்கினால் வித்தியாசம் உடனே தெரியும்.

சரி, பிறகு எதற்குத்தான் இது? பாட்டு என் கையில் இருப்பதற்கு.

2024 ஜனவரியில் ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே ஆண்டு ஏர்டெல்லும் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக அறிவித்தது. மூடாத செயலிகளில்கூட, நேற்று வரை ஓடிய பாட்டு இன்று சாம்பல் நிறத்தில் கிடக்கும். உரிமம் முடிந்திருக்கும், நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள். மாதாமாதம் நாம் கட்டுவது வாடகை. வீட்டுக்காரர் எந்த அறையை எப்போது பூட்டுவார் என்று கேட்க முடியாது.

இதோடு ஃபிளிப்கார்ட்டின் பழைய ஃபிளைட் கடையை ஒப்பிட்டுப் பாருங்கள். 2012இல் எம்பி3 பாட்டுகளை, காப்பி எடுக்கவிடாத பூட்டு எதுவும் போடாமல் விற்றார்கள். 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே வாங்கி இறக்கி வைத்தவர்களின் பாட்டு எங்கும் போகவில்லை. கடை போனது, சரக்கு வாங்கியவரிடமே இருக்கிறது.

இந்த உரிமைக்காக ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 1998இல் ரியோ பிஎம்பி300 என்று ஒரு பிளேயர் அமெரிக்காவில் வந்தது. 32 எம்பிதான், அரை மணி நேரப் பாட்டு கொள்ளும். அதற்கே இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. மறு ஆண்டு தீர்ப்பு பிளேயர் செய்தவர்கள் பக்கம் வந்தது. ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பையில் எடுத்துப் போவதில் தப்பில்லை என்றார்கள். ஐபாட் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு, 2001 அக்டோபரில்.

ஆனால் சொந்தமாக வைத்துக்கொண்டால் வேலையும் சொந்தம். பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்புக்கு டேக் என்று பெயர். நம்மூர்ப் பாட்டு ஃபைல்களின் டேகைத் திறந்து பார்த்தால் தலை சுற்றும். பாட்டுப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ வெப்சைட் பெயர். ஒய் போட்ட இளையராஜா ஒருவர், ஐ போட்ட இளையராஜா ஒருவர், கடைசியில் இரண்டு ஏ போட்டவர் ஒருவர். பிளேயர் இவர்களை மூன்று தனித்தனி ஆட்கள் என்று நம்பி வரிசைப்படுத்தும். அதைவிடப் பெரிய தகராறு 'ஆர்ட்டிஸ்ட்' என்ற கட்டம். மேற்கத்திய ஆல்பத்தில் பாடியவர் பெயரைப் போட்டால் முடிந்தது. நாம் சினிமாப் பாட்டை இசையமைப்பாளரை வைத்துத்தானே தேடுகிறோம்? நான் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் இசையமைப்பாளரையும், 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் பாடகர்களையும், 'ஆல்பம்' என்பதில் படத்தின் பெயரையும் போடுகிறேன். எம்பி3டேக் என்ற மென்பொருளில் படம் படமாக உட்கார்ந்து திருத்தலாம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு ஏற்ற வேலை. யார் பாடினார் என்று தெரியாமலே வருஷக்கணக்கில் கேட்ட பாட்டுகளுக்கெல்லாம் எனக்கு அப்படித்தான் விடை கிடைத்தது.

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக் என்று வெட்டியிருப்பார்கள். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு ஃபைலின் இரு முனையிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். மலிவு பிளேயர் அதைக் கத்தரிக்காது. சபா கைதட்டல் நடுவில் அறுந்து, ஒரு விக்கல் எடுத்து, மறுபடி தொடங்கும். வாங்குமுன் 'கேப்லெஸ்', அதாவது டிராக்குகளை இடைவெளி இல்லாமல் ஓட்டும் வசதி, உண்டா என்று கேளுங்கள். தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். என்னுடையதில் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது.

ஃபைலுக்கு எங்கே போவது? சங்கடம் இங்கேதான். பரணில் கிடக்கும் சிடிகளை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம். தனியிசைக் கலைஞர்கள் சிலர் பேண்ட்கேம்ப் என்ற வெப்சைட்டில் விற்கிறார்கள். சினிமாப் பாட்டுக்கு ஐடியூன்ஸ் ஸ்டோர் இருக்கிறது, ஆனால் தேடுவதெல்லாம் கிடைக்காது. திருட்டு எம்பி3 பற்றி வகுப்பெடுக்கும் கம்பெனிகள் நல்ல ஃபைலாக, நியாயமான விலைக்கு விற்றுப் பார்க்கட்டும். வாங்க நாங்கள் இருக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு உடனே ஆர்டர் போடவேண்டாம். இயர்போன் ஓட்டை உள்ள பழைய போன் வீட்டில் சும்மா கிடந்தால் அதுவே போதும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். சிம்மைக் கழற்றி, செயலிகளை எல்லாம் தூக்கிவிட்டு, கார்டு நிறையப் பாட்டு ஏற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.