வயதானால் வாடை வரத்தான் செய்யும் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி சொல்வது: "வயசானா அப்படித்தான் சிஸ்டர், வாடை வரத்தான் செய்யும்." பெற்றோரைப் பார்க்க வருகிற பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். கோவைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். இந்தப் பேச்சை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தினமும் குளிப்பாட்டி, துணி மாற்றி, படுக்கையும் மாற்றிய பிறகும் ஒருவர் மேல் வாடை நிற்கிறது என்றால், எங்கோ ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. காய்ச்சல் வந்தால் எதனால் என்று தேடுகிறோம். இதற்கும் அப்படித் தேட வேண்டும்.

வயதுக்கென்று ஒரு வாசனை இருப்பது உண்மைதான். ஜப்பானின் ஷிசெய்டோ என்ற அழகுசாதன நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2001-ல் இதைப் பற்றி எழுதினார்கள். 40 வயதைத் தாண்டியவர்களின் தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்பு காற்றுப் பட்டு மாறும்போது 2-நோனெனல் என்ற பொருள் உண்டாகிறது. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பச்சைப் புல் கலந்த மாதிரி ஒரு வாடை. ஆனால் அது பக்கத்தில் உட்கார முடியாதபடி விரட்டுகிற வாடை இல்லை. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் வாசனை, சுவை பற்றி ஆராயும் மோனெல் மையத்தார் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 20 முதல் 30, 45 முதல் 55, 75 முதல் 95 என்று மூன்று வயதுக் குழுவினருக்கு அக்குளில் பஞ்சு வைத்துத் தைத்த பனியனைக் கொடுத்து, ஐந்து இரவு அதைப் போட்டுக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். பிறகு அந்தப் பஞ்சை இளைஞர்களிடம் கொடுத்து முகரச் சொன்னார்கள். முதியவர்களின் வாடைதான் மற்ற இரண்டு குழுக்களையும் விட லேசாக இருந்தது, முகம் சுளிக்க வைப்பதும் அதுதான் குறைவு என்று வந்தது. ஆக, பழியைத் தூக்கி வயது மேல் போடுவதற்கு வழியே இல்லை.

ஆனால் இல்லங்களில் என்ன நடக்கிறது? வாடை என்று புகார் வந்ததும் இன்னொரு முறை குளிப்பாட்டுகிறார்கள். தண்ணீரில் டெட்டால் கூடுகிறது, உடம்பு முழுக்கப் பவுடர் கொட்டுகிறார்கள், அறையில் ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். முதியவர்களின் தோல் மெல்லியது. அதைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் வறண்டு வெடிக்கும். மடிப்புகளில் போட்ட பவுடர் வியர்வையில் குழைந்து கட்டியாகி, அதற்கடியில் தோல் புழுங்கும். இதைவிடப் பெரிய கெடுதல், எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே தடயத்தை நாமே அழித்துவிடுகிறோம்.

அதனால்தான் எங்கள் ஆயாக்களிடம் நான் சொல்வது, குளிப்பாட்டிய பிறகு பார்க்காதீர்கள், குளிப்பாட்டும் முன் பாருங்கள். கதவைச் சாத்தி, பெண்களுக்குப் பெண்கள், அவர்களிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு துணியாகக் கழற்றும்போதே தனித்தனியாக முகர்ந்து பார்க்க வேண்டும். தலையணை உறையில் வாடை இருந்தால் தலை, காது, வாய். ரவிக்கையில் இருந்தால் அக்குள், மார்புக்கு அடி. உள்ளாடையில் என்றால் முன்பக்கமா, பின்பக்கமா? சாக்ஸிலா, செருப்பிலா? எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் உடம்பில் ஒன்றுமே தெரியவில்லையென்றால் அவர் உட்காரும் நாற்காலிக்குப் போங்கள். எங்கள் குறிப்பேட்டில் 'வாடை அடிக்கிறது' என்று மட்டும் எழுதினால் நான் ஏற்றுக்கொள்வதில்லை. எந்த இடத்தில், எப்படிப்பட்ட வாடை, எந்த நேரத்தில் என்று எழுதச் சொல்வேன்.

இப்படிப் பார்த்துத்தான் ஓர் அம்மாவுக்குக் காரணம் தெரிந்தது. எழுபத்தைந்தைத் தாண்டியவர், மறதி நோய் ஆரம்பித்திருந்தது. சேர்க்கும்போதே மகன், "அம்மா சரியா கழுவிக்கிறதில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையும் மாலையும் குளிப்பாட்டியும் அடுத்த கட்டிலில் இருப்பவர் படுக்கையை மாற்றித் தரச் சொன்னார். ஆயா அக்கா ஒருநாள் உள்பாவாடையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். முன்பக்கம் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பு மஞ்சளாக ஒரு கறை, ஓரம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. "மூத்திர வாடை இல்லீங்க சிஸ்டர், இது புண்ணு வாடைங்க." மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பல வருடங்களுக்கு முன் கர்ப்பப்பை இறக்கத்துக்கு, அதைத் தாங்கிப் பிடிக்க வைத்த ரிங் உள்ளேயே இருந்தது. அதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சுத்தம் செய்து வைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். அந்த அம்மா மறந்துபோயிருந்தார். வீட்டில் வேறு யாருக்கும் ரிங் இருப்பதே தெரியாது. மகனிடம் இதையெல்லாம் ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? ரிங்கை எடுத்து, புண்ணுக்கு மருந்து வைத்து, சில வாரத்தில் வாடை முழுக்கப் போய்விட்டது. அத்தனை காலம் சுத்தமில்லாதவள் என்ற பெயரைச் சுமந்துகொண்டிருந்தார். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

மாதவிடாய் நின்ற பிறகு நாற்றத்துடன் நீர் பட்டாலோ, துளி ரத்தம் பட்டாலோ மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் அப்படித் தலைகாட்டும்.

ஆட்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிற இன்னொன்று மலம். படுக்கையிலேயே இருப்பவர், தண்ணீர் குறைவாகக் குடிப்பவர், வலி மாத்திரை அதிகம் எடுப்பவர் என்றால் மலம் கெட்டியாகி உள்ளே அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பின் ஓரமாகத் தண்ணீர் மாதிரி மலம் கசிந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு அது வயிற்றுப்போக்கு. உடனே போக்கை நிறுத்துகிற மாத்திரையைக் கொடுக்கிறார்கள். அடைப்பு இன்னும் இறுகுகிறது, கசிவும் வாடையும் நிற்பதில்லை. ஒருவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கறைபடுகிறது, வயிறு உப்பியிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஆசனவாயில் விரல் விட்டுப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. கூச்சப்பட்டுக்கொண்டு அதைத் தவிர்த்தால் அவர் மாதக்கணக்கில் அவதிப்படுவார்.

சிறுநீர் விஷயத்துக்கு வருகிறேன். அப்போதுதான் போன சிறுநீரில் பொதுவாக அவ்வளவு வாடை இருக்காது. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியா ஆக்கும்போதுதான் அந்தக் காட்டம் வருகிறது. கண் எரிகிற மாதிரி வாடை அடித்தால் அந்த ஈரம் ரொம்ப நேரமாக எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். டயப்பரில், ரெக்ஸின் உறையின் கிழிசல் வழியாக மெத்தையின் பஞ்சில், வீல்சேர் குஷனில். எத்தனை குளியல் போட்டாலும் அந்தக் குஷனில் திரும்ப உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கி, சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்து சொட்டுச் சொட்டாகப் போவதும் உண்டு. அவருக்கே தெரியாது.

இதில் நிர்வாகத்துக்கும் பங்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை டயப்பர்தான் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு, இரவில் ஒரே ஆயாவை ஒரு மாடி முழுக்கப் பார்க்க விட்டுவிட்டு, வாடை வருகிறதே என்று அந்த ஆயாவைத் திட்டுவது நியாயமே இல்லை.

வாடை என்றதும் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லி ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் பழக்கமும் எனக்குக் கவலையாக இருக்கிறது. முதியவர்களின் சிறுநீரில் எந்தத் தொந்தரவும் இல்லாமலே கிருமி இருப்பது சாதாரணம். காய்ச்சல், எரிச்சல், திடீர்க் குழப்பம் எதுவும் இல்லாமல் வாடையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. தேவையில்லாமல் கொடுத்த ஆன்டிபயாடிக்கால் தொடையிடுக்கில் பூஞ்சை பிடித்து, அது ஒரு புது வாடையைக் கொண்டுவரும். நேற்று தண்ணீர் எவ்வளவு குடித்தார் என்று முதலில் கேளுங்கள். பாத்ரூமுக்கு எழுந்து போக யாரையாவது கூப்பிட வேண்டுமே என்று பயந்து தண்ணீரையே குறைத்துக்கொள்கிற பெரியவர்கள் நிறைய.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்புக்கு அடியிலும் தொங்கும் வயிற்றுக்கு அடியிலும் மடிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும், துடைத்தால் மட்டும் போதாது, ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் விரல் இடுக்கும் உள்ளங்காலும் தினசரி. உணர்ச்சி மரத்துப்போன காலில் புண் அழுகினால் வலி சொல்லாது, வாடைதான் சொல்லும். பல் செட்டை இரவில் கழற்றாமல் தூங்குகிறவர்கள், மாத்திரையால் வாய் வறண்டுபோனவர்கள் என்றால் வாயைப் பாருங்கள். மறதி உள்ளவர்கள் மூக்கில் பஞ்சைத் திணித்துக்கொள்வார்கள். ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே எதுவோ இருக்கிறது. தொப்புள். நாள்பட்ட அரைஞாண் கயிறு, பூணூல். சிறுநீர் போக வைத்த குழாயின், அதாவது கதீட்டரின் ஓரம். வாலெலும்புக்கு மேல் தொடங்கும் படுக்கைப் புண். மூச்சில் அம்மோனியா மாதிரி வந்தால் சிறுநீரகம், பழவாடை மாதிரி வந்தால் சர்க்கரை எகிறியிருக்கலாம், அப்படியென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உடம்பில் கோளாறே இல்லாத காரணங்களும் உண்டு. சர்க்கரைக்காகத் தினமும் வெந்தயம் சாப்பிடுகிறவரின் வியர்வையிலும் சிறுநீரிலும் ஒருவித இனிப்பு வாடை வரும். தலைக்கு வைத்த எண்ணெய் தலையணையில் ஊறிக் காறிப்போயிருக்கும். ஐப்பசி மழையில் சரியாகக் காயாத துணியை மடித்து வைத்திருப்பார்கள்.

குளிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறதி நோய் உள்ளவருக்கு எதிர்பாராமல் தலையில் கொட்டுகிற தண்ணீர் ஒரு தாக்குதல். காலிலிருந்து ஆரம்பித்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, மக்கை அவர் கையிலேயே கொடுத்தால் பாதிப் பேர் இணங்கிவிடுகிறார்கள். அப்படியும் மாட்டேன் என்றால் அன்றைக்கு வெதுவெதுப்பான துணியால் முகம், அக்குள், கீழ்ப்பகுதி, கால் மட்டும் துடைத்தால் போதும். பிடித்து இழுத்துக் குளிப்பாட்டக் கூடாது.

வீட்டாரிடம் ஒன்று கேட்கிறேன். பெரியவர்களை எங்கேயாவது சேர்க்கும்போது சர்க்கரை, பிரஷர், ஆபரேஷன் என்று எல்லாம் சொல்கிறீர்கள். உடம்பில் வெளியிலிருந்து வைத்த பொருள் என்னென்ன இருக்கிறது, எந்த வருடம் வைத்தது, கடைசியாக எப்போது மாற்றியது என்பதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அம்மாவிடம் மகளோ மருமகளோ தனியாக உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் சேர்க்கைப் படிவத்தில் ரிங், கதீட்டர், பல் செட், காது மெஷின் என்று தனித்தனியாகக் கட்டம் போட்டுச் சேர்த்திருக்கிறோம். மற்ற இல்லங்களில் இருக்கும் சிஸ்டர்கள் உங்கள் படிவத்திலும் இந்த நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தேதி எழுத ஒரு இடமும் விடுங்கள்.