டினை முதல் வரியில் இருந்தாலும் காவல் இல்லை

என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வலை சேவையக மென்பொருளின் அமைப்பைப் பற்றி, "லொக்கேஷனில் (ஒரு முகவரிக்கான அமைப்புப் பகுதியில்) முதல் வரியாக டினை ஆல் (எல்லோரையும் தடு) போட்டால் போதும், கீழே ரிட்டர்ன் 200 (உடனே பதில் அனுப்பு) இருந்தாலும் யாரும் பார்க்க முடியாது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அது தவறு. என்ஜின்எக்ஸ் இந்த இரண்டுக்கும் இடையே வரி வரிசையைப் பார்ப்பதில்லை, கோரிக்கையைக் கையாளும் கட்டத்தைத்தான் பார்க்கிறது. ரிட்டர்ன், முகவரியை மாற்றும் ரீரைட் கட்டத்தில் ஓடுகிறது. டினை அதற்கு அப்புறம் வரும், அனுமதி பார்க்கும் ஆக்சஸ் கட்டத்தில். ரிட்டர்ன் பதில் சொல்லிவிட்டால் கோரிக்கை டினை வரைக்கும் போகவே போகாது. கடவுச்சொல் கேட்கும் ஆத் பேசிக்குக்கும் இதே கதிதான்.

இங்கே மொரீஷியஸில், எங்கள் கோவில் தளத்தில் காவடிக் கமிட்டிக்கு மட்டுமான கூட்ட இணைப்பை இப்படித்தான் வைத்திருந்தோம். ஊரே பார்த்துவிட்டது.

பதிலை ஒரு கோப்பில் எழுதி, முகவரியைக் கோப்போடு இணைக்கும் ஏலியஸ் கட்டளை வழியாகக் கொடுங்கள். அது பதிலைத் தயாரிக்கும் கன்டென்ட் கட்டம், ஆக்சஸ் முடிந்த பிறகுதான் வரும். அப்போது டினை உண்மையிலேயே தடுக்கும்.