பேஸ்பால் கோச் ஆக மேஜர் லீக் ஆடியிருக்க வேண்டுமா?

“மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) ஆடாத யாரையும் அங்கே கோச்சாக எடுக்க மாட்டார்கள், அதுதான் விதி” என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு விதியே கிடையாது. பழக்கம் இருந்தது, உண்மைதான். ஆனால் அது உடைந்து பல வருஷமாகிறது.

2018 கடைசியில் மினசோட்டா ட்வின்ஸ் அணி, வெஸ் ஜான்சனை ஆர்கன்சா பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் பிட்சிங் கோச்சாக, அதாவது பந்து வீசுபவர்களுக்கான கோச்சாக, கொண்டுவந்தது. 2020 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அலிசா நாக்கனைக் கோச்சாகச் சேர்த்தது. அவர் கல்லூரியில் ஆடியது பேஸ்பாலே இல்லை, அதைப் போன்ற சாஃப்ட்பால்! 2022 ஏப்ரலில் ஃபர்ஸ்ட் பேஸ் கோச்சாக, அதாவது முதல் பேஸ் அருகே நின்று ஓடுபவர்களுக்கு வழிகாட்டுபவராக, களத்திலேயே நின்றார். பந்தின் சுழற்சியையும் மட்டையின் வேகத்தையும் கருவிகள் அளக்க ஆரம்பித்த பிறகு, அந்த எண்களைப் படித்து வீரருக்குப் புரியும்படி சொல்லத் தெரிகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

அப்புறம் நண்பரே, மேனேஜர் என்றால் ஆபீஸ் ஆள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளருக்குத்தான் அந்தப் பெயர். நீங்கள் சொல்வது ஜெனரல் மேனேஜர்.

மும்பை மாட்டுங்காவில் இருந்துகொண்டு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே! பக்கத்து சிவாஜி பார்க்கில் சச்சினை உருவாக்கிய கிரிக்கெட் கோச் அச்ரேக்கர் ஆடியது ஒரே ஒரு முதல்தர ஆட்டம்.